கூட்டேரிப்பட்டில் தலைகீழ்

"போலாம் ரைட்!"

முதுகுக்குப் பின்னாலிருந்து கண்டக்டர் கோதண்டம் குரல் கொடுத்தான். பல வருடம் கேட்டுப் பழகிய குரல். ஆனால் அன்றைக்கு என் முன்னால் ஸ்டீயரிங் இல்லை, கண்ணாடி இல்லை, ஏறுகிற ஜனமும் இல்லை. திண்டிவனத்துக்கு வெளியே தண்ணீர் வற்றிய ஒரு ஏரி. பங்குனி மாதத்து வெயில் இன்னும் உறைக்க ஆரம்பிக்கவில்லை. செடி கொடி செதுக்கிச் சமன் பண்ணிய நீளமான தரை. அதன் நுனியில் சிவப்பும் வெள்ளையுமாக என் விமானம் நின்றுகொண்டிருந்தது.

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நான் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ, இறக்கை அவ்வளவு அகலம். பால்சா என்கிற லேசான மரத்தில் சட்டம், மேலே இஸ்திரி போட்டு ஒட்டிய பளபளப்பான தாள், மூக்கில் மோட்டார், வயிற்றில் பேட்டரி. ரிமோட் என் கழுத்துப் பட்டையில் தொங்கியது. அதில் இரண்டு குச்சிகள். முக்கியமாக, இடது கட்டைவிரல் வேகத்துக்கு. ஏறுவது, இறங்குவது, சாய்வது எல்லாம் வலது கட்டைவிரல்.

எனக்குப் பின்னால் குடை நிழலில் இரண்டு நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வானத்தில் வட்டம் போட வேண்டும், புரள வேண்டும், தலைகீழாகப் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். பள்ளிக்கூடத்தில் மார்க் என்றால் எனக்கு ஆகாது. ஐம்பது தாண்டிய வயதில் மறுபடியும் பரீட்சைக்கு வந்து நிற்கிறேனே என்று சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பயத்துக்கு மார்க் காரணமில்லை. என் மனைவி மேரி முதல் நாள் சாயங்காலம் கேப்பைக் கூழ் கரைத்துக்கொண்டே சொன்னதுதான்.

"நான் வேணாம்னு சொல்லலைங்க. போயிட்டு வாங்க. ஆனா இது உடைஞ்சா இதோட விட்டுடணும். இன்னொண்ணு கூடாது."

சரி என்று தலையை ஆட்டியிருந்தேன். அந்த ஒரு விமானம்தான் என்னிடம் இருந்தது. அது விழுந்தால் எல்லாம் முடிந்தது.

எந்த ரூட்டும் இல்லை

போன வாரம் இந்தப் பத்தியில் டெப்போ கேன்டீன் போண்டாவைப் பற்றி எழுதினேன். படித்துவிட்டு ஒரு வாசகர், "டிரைவர் ஆரோக்கியம் இப்போ எந்த ரூட்ல ஓட்டறார்?" என்று கேட்டிருந்தார். அதனால்தான் இந்த வாரம் இந்த ஏரிக்கரைக் கதை. எந்த ரூட்டும் இல்லை, ஐயா. பெயர் ஆரோக்கியம், நெஞ்சில் அடைப்பு.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் பஸ் ஓட்டியே என் ஆயுசில் பாதி போனது. டோல்கேட் வருவதற்கு முன்பும் ஓட்டினேன், வந்த பிறகும் ஓட்டினேன். கோதண்டம் என் கண்டக்டர். டியூட்டி மாறும், வண்டி மாறும், எப்படியோ சொல்லிக் கில்லி நாங்கள் இரண்டு பேரும் ஒரே வண்டியில் விழுந்துவிடுவோம்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். டிரைவரும் கண்டக்டரும் நாள் பூராவும் சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் முகம் பார்த்துக்கொள்வதில்லை. நான் ரோட்டைப் பார்ப்பேன், அவன் சில்லறையைப் பார்ப்பான். எனக்குத் தெரிந்த கோதண்டம் பெரும்பாலும் குரல்தான். குரலை வைத்தே அவன் சாப்பிட்டானா, வீட்டில் சண்டையா, கலெக்‌ஷன் குறைவா என்று சொல்லிவிடுவேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு காலை. திண்டிவனத்திலிருந்து வந்துகொண்டிருந்தோம். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி வேகம் பிடிக்கும்போது இடது கை என்னுடையது இல்லை என்பது போல ஆனது. கியரைப் பிடிக்கப்போன கை நழுவியது. சட்டை தொப்பலாக நனைந்தது. வண்டியை ஓரம் கட்டி நிறுத்தியது மட்டும் நினைவிருக்கிறது. நிறுத்துவதற்குள் கோதண்டம் பக்கத்தில் நின்று ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டான்.

வழியில் போன காரை மறித்து என்னை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவன்தான். அப்புறம் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தேன்.

பிழைத்தவனை யாரும் ஸ்டீயரிங்கில் உட்கார வைக்கமாட்டார்கள். அது நியாயம்தான். என்னை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் ரூமுக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் எடுக்கிற வண்டிக்கு நேரம் குறிக்கிற வேலை. நாள் முழுக்க ஃபேன் காற்று. வீட்டுக்கு வந்தால், "மெதுவாப் போங்க, மெதுவா ஏறுங்க, மெதுவா சாப்பிடுங்க." மெதுவா என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அப்போது மிகவும் உடைந்துபோயிருந்தேன். வெளியில் காட்டவில்லை, அவ்வளவுதான்.

பல் டாக்டர் வீட்டுக் கூரை

மேரிக்குத் தாய்வீடு திண்டிவனம். அங்கே ஒரு விசேஷத்துக்குப் போன இடத்தில் எனக்குக் கடைவாய்ப் பல் வலி. அதே தெருவில் டாக்டர் ஜெசிந்தா என்று ஒரு பல் டாக்டர். முப்பது வயதைத் தாண்டியிருப்பார். நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சை அடைத்துவிட்டார். மேலே பார்த்தேன். கூரையிலிருந்து ஒரு விமானம் தலைகீழாகத் தொங்கியது.

வாய் நிறைய பஞ்சு. கேட்கவும் முடியவில்லை. பல்லைப் பிடுங்கி முடிக்கிற வரை அதன் இறக்கையையும் வாலையும் பார்த்துக்கொண்டே கிடந்தேன். வலி தெரியவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கவனம் அங்கேதான் இருந்தது.

பஞ்சை எடுத்ததும் நான் கேட்ட முதல் கேள்வி: "அது பறக்குமாங்க டாக்டர்?"

"நல்லாப் பறக்கும் அங்கிள். காம்பெடிஷன்ல ஓட்டறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிஞ்சதும் ஏரிக்கு வாங்க, காட்டறேன்."

போனேன். ஊராட்சித் தலைவரிடம் சொல்லி, போலீஸ் ஸ்டேஷனிலும் தகவல் கொடுத்துவிட்டு, நாலைந்து பேர் வாராவாரம் அங்கே பறக்கவிடுகிறார்கள். டாக்டரம்மா அன்றைக்கு ஓட்டியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். குட்டிக்கரணம் யார் வேண்டுமானாலும் போடலாம். அவர் ஓட்டியது அப்படி இல்லை. செங்குத்தாக ஏறினால் நூல் பிடித்த மாதிரி செங்குத்து. வட்டம் என்றால் தட்டை வைத்து வரைந்த வட்டம். உள்ளே போன உயரத்திலேயே வெளியே வர வேண்டும். முடித்த பிறகு கொஞ்ச தூரம் நேராகப் போய்த்தான் அடுத்ததை ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு டிரைவருக்கு இது புரியும். வளைவில் டயர் எங்கே விழ வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை வருடம் முதுகை ஒடித்தோம். உடனே கேட்டேன். "எனக்குச் சொல்லிக்குடுப்பீங்களா?"

பிரேக் இல்லாத வண்டி

முதலில் கிளினிக் லேப்டாப்பில் பழக்கினார். திரையில் விழுகிற விமானத்துக்குச் சேதமில்லை, விழவிழ மறுபடி முளைக்கும். அப்புறம் இரண்டு ரிமோட்டை இணைத்து நிஜமாகவே பறக்கவிட்டார். நான் தப்பு பண்ணினால் அவர் ஒரு சுவிட்சை விடுவார், விமானம் அவர் கைக்குப் போய்விடும்.

எதிரே வரும் விமானத்துக்கு இடது வலது மாறிவிடும். எல்லோரும் அதில்தான் திணறுவார்களாம். நான் திணறவில்லை. கண்ணாடியைப் பார்த்து பஸ் ஸ்டாண்டுக்குள் ரிவர்ஸ் எடுத்தவனுக்கு அது பெரிய விஷயமா? தலைகீழாகப் பறக்கும்போது மேலே ஏற்ற குச்சியை மாற்றித் தள்ள வேண்டும். அதுவும் நாளடைவில் பழகியது.

பழகாதது ஒன்றுதான். பயம் வந்தால் என் இடது கட்டைவிரல் வேகத்தைக் குறைத்துவிடும்.

வாழ்நாள் பூராவும் அதைத்தானே செய்தேன். மாடு குறுக்கே வந்தால் வேகத்தைக் குறை. லாரி ஏறி வந்தால் குறை. கண்டக்டர் விசில் அடித்தால் குறை. கால் செய்ததை இப்போது விரல் செய்தது. வானத்தில் வேகத்தைக் குறைத்தால் இறக்கை தாங்காது. கல் மாதிரி கீழே வரும்.

"அங்கிள், பஸ்ஸுக்கு ஆபத்து வேகத்துல. இதுக்கு ஆபத்து மெதுவாப் போறதுல. பயந்தா ஏத்துங்க, இறக்காதீங்க" என்று டாக்டர் சலிக்காமல் சொன்னார்.

எனக்கு அது காதில் தேன் மாதிரி விழுந்தது. மெதுவாகப் போகாதே என்று அந்த ஊரிலேயே என்னிடம் சொன்ன ஒரே டாக்டர் அவர்தான்.

ஆனால் விரல் கேட்கவில்லை. என் முதல் விமானம் அப்படித்தான் போனது. வட்டத்தில் ஏறிக்கொண்டிருந்தது, திடீரென்று காற்று தட்டியது, நான் விரலை இறக்கினேன். மூக்கு, இறக்கை, வால் மூன்றும் மூன்று இடத்தில் கிடந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து பரப்பி வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பிரஷர் எகிறியது. மேரி பயந்துவிட்டாள். அவள் போட்ட நிபந்தனை அங்கிருந்து வந்தது. அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஒரு தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவள் அவள்.

முண்டியம்பாக்கம் எல்லாம் எழுந்து வா!

போட்டியில் ஓட்டுபவன் விமானத்திலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது. அதனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பின்னால் நின்று ஒருவர் சொல்வார். சரியான நேரத்தில் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொன்னால் குழப்பம், தாமதமாகச் சொன்னால் இடம் தாண்டிவிடும்.

டாக்டர் இதை விளக்கி முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது கண்டக்டர் வேலை.

கோதண்டத்திடம் சொன்னேன். அவனுக்கு இப்போது வேறொரு டிரைவர். "அந்தப் பையன் காதுல எதையோ மாட்டிக்கினு ஓட்றான்யா. நான் கத்தறது செவுத்துக்கிட்ட கத்தற மாதிரி இருக்குது" என்று புலம்பிக்கொண்டிருந்தவன், உடனே சரி என்றான்.

கண்டமங்கலத்தில் அவன் மச்சானுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய கொல்லை. வார ஓய்வு நாளில் விடியக்காலையே விழுப்புரத்திலிருந்து அவன் மொபெட்டில் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு போவோம். புதுச்சேரி வேலைக்குப் போகிறவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார்கள். ஒரு நாள் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "மருந்து அடிக்கிற டிரோனா? எங்க கொல்லைக்கும் வருவீங்களா?" என்று கேட்டார். இல்லை, இது சும்மா பறப்பது என்றேன். சும்மாவா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வித்தைகளின் பெயரெல்லாம் இங்கிலீஷ். கோதண்டத்துக்கு அவை வாயில் நுழையவில்லை. நுழைந்தாலும் வரிசை நிற்கவில்லை.

"பேஜாரு புடிச்ச பேருங்க. நான் நம்ம ஸ்டாப்புங்க பேரைச் சொல்றேன்யா. தூக்கத்துல கேட்டாலும் தப்பு வராது" என்றான்.

அப்படித்தான் எங்கள் ரூட் உருவானது. தரையை விட்டு எழும்புவது விழுப்புரம். முதல் வட்டம், முண்டியம்பாக்கம். செங்குத்தாக ஏறி, உச்சியில் வேகம் செத்து ஒரு நொடி நின்று, பக்கவாட்டில் திரும்பி இறங்குவது விக்கிரவாண்டி, ஏனென்றால் டோல்கேட்டில் நின்றுதான் ஆக வேண்டும். நேராகப் போகும்போதே ஒரு புரளல், அது சித்தணி. கடைசியாகத் தலைகீழாக நீளப் பறப்பது கூட்டேரிப்பட்டு. "மயிலம் முருகனுக்குக் கிருத்திகைன்னா கூட்டேரிப்பட்டுல ஜனம் ஏர்ற ஏத்தத்துல பஸ்ஸே கவுந்துடும் இல்ல?" என்று அதற்கு அவன் காரணம் சொன்னான். தரை இறங்குவது திண்டிவனம்.

டாக்டர் ஜெசிந்தா இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் ஒரு நாள் நேரில் வந்து பார்த்தார். "முண்டியம்பாக்கம் எல்லாம் எழுந்து வா!" என்று கோதண்டம் குரல் கொடுத்ததும், நான் யோசிக்காமல் வட்டத்தில் நுழைவதைப் பார்த்தபின் தலையில் அடித்துக்கொள்ளவில்லை.

உண்மையிலேயே நான் யோசிக்கவில்லை. அந்தக் குரல் சொன்னால் கை செய்துவிடும். மறுபடியும் அவன் பின்னால், நான் முன்னால். கண்டமங்கலத்துக் கொல்லையில் நான் பறிகொடுத்த வேலை எனக்குத் திரும்பக் கிடைத்தது. இதை மேரியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஏரிக்கரையில்

இனி போட்டிக்கு வருகிறேன்.

கோதண்டம் "போலாம் ரைட்" என்றான். விரலை ஏற்றினேன். விமானம் தரையில் கொஞ்சம் ஓடி எழும்பியது. ஒரு சுற்றுச் சுற்றி, காற்றுக்கு எதிராகத் திருப்பி, நடுவர்களுக்கு முன்னால் வரும்படி கொண்டுவந்தேன். தாழ்வாகவே வந்தேன். முதல் வித்தை வட்டம். அது கீழேயிருந்து மேலே போவது. அதற்குத் தாழ்வாகத்தான் வர வேண்டும்.

நடுவர்களுக்கு நேரே நட்டிருந்த நடுக் கொடியை நெருங்கினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"கூட்டேரிப்பட்டு!"

கை செய்துவிட்டது. விமானம் பட்டென்று புரண்டு தலைகீழானது.

அதற்கப்புறம்தான் மூளைக்கு எட்டியது. கூட்டேரிப்பட்டா? அது கடைசியில் அல்லவா வரும்? நல்ல உயரத்தில் போட வேண்டியது அது. என் விமானம் வேலிக்காத்தான் மரங்களின் உச்சிக்குக் கொஞ்சம் மேலே, வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு போகிறது. மூக்கு கீழே சரிகிறது. ஏரியின் அந்தக் கரை எதிரே வருகிறது.

வலது விரல் குச்சியை முன்னால் தள்ளியது. அது சரி. இடது விரல், பாழாய்ப்போன இடது விரல், கீழே இறங்க ஆரம்பித்தது.

"யோவ், போ! போ! போ!"

கோதண்டம் என் காதுக்குள் கத்தினான். என் விரல் பாதி தூரம்கூட இறங்கவில்லை. அதற்குள் கத்திவிட்டான். மோட்டார் சத்தம் தணிந்ததை நானே இன்னும் கேட்கவில்லை. விரல் சட்டென்று மேலே போனது, முழுசாக. மோட்டார் அலறியது. தலைகீழாகவே மூக்கு நிமிர்ந்தது. மரங்களின் மேல் இலையை உரசாத குறையாகத் தாண்டியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் "ஏஏய்" என்றார்கள்.

புரட்டி நிமிர்த்தினேன். உயரம் பிடித்தேன். நெஞ்சு அடித்தது, ஆனால் ஒழுங்காக அடித்தது. இறக்கிவிடலாமா என்று நினைத்தேன். அந்த நேரத்தில் பின்னாலிருந்து சாவகாசமாக அடுத்த குரல் வந்தது.

"சித்தணி!"

அப்போதுதான் புரிந்தது. நாங்கள் நிற்பது திண்டிவனம். பழகியது எல்லாம் விழுப்புரத்திலிருந்து கிளம்பிப்போய். திண்டிவனத்து மண்ணில் நின்றுகொண்டு "போலாம் ரைட்" என்று சொன்னால், இந்த மனுஷன் வாயில் அடுத்து என்ன வரும்? இத்தனை வருடமாக வந்ததுதான் வரும். அவன் ரிட்டன் டிரிப் ஓட்டிக்கொண்டிருக்கிறான். தப்பு நடந்ததே அவனுக்குத் தெரியாது.

வரிசை மாறினால் மார்க் கிடையாது. போட்டி அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் விமானம் உயிரோடு இருந்தது, என் கையில் இருந்தது. மார்க் போய்விட்டது என்று தெரிந்ததும் உடம்பில் ஒரு பாரம் இறங்கியது. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று சித்தணியைப் போட்டேன். நூல் பிடித்த மாதிரி வந்தது. விக்கிரவாண்டியில் உச்சியில் போய் நின்று, அழகாகத் திரும்பி இறங்கினேன். "முண்டியம்பாக்கம்!" வட்டம். அந்த மாதிரி ஒரு வட்டத்தை அதற்கு முன்பும் போட்டதில்லை, இதுவரை மறுபடி போடவும் இல்லை.

"விழுப்புரம் எல்லாம் இறங்கு!"

தரை தொட்டது. ஒரு கீறல் இல்லை.

நடுவர்களில் ஒருவர் எழுந்து வந்தார். கையிலிருந்த தாளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ஓட்டினது எந்த வரிசைங்க?"

கோதண்டத்துக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. முகம் மாறியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ரிட்டன் டிரிப் சார்" என்றான்.

டாக்டர் ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து சிரித்தார். மார்க் பட்டியலில் எல்லாப் பெயருக்கும் கீழே என் பெயர். அது போகட்டும்.

யாரு மேல பார்த்தா?

பந்தல் நிழலில் உட்கார்ந்து இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கோதண்டம் இரண்டு டம்ளர் மோர் கொண்டுவந்தான். அவன் நீட்டியதை நான் உடனே வாங்கவில்லை. விமானம் தப்பித்த சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தாலும் கோபம் இப்போதுதான் ஏறியது. எனக்கு எப்போதும் கோபம் லேட்டாகத்தான் வரும், வந்தால் சீக்கிரம் போகாது.

"ஏன்யா, ஸ்டாப்பு மாறிப்போச்சு, சரி. வாய்ப் பழக்கம். ஆனா பிளேன் எவ்ளோ தாழ்வா வருதுன்னு கண்ணு தெரியலையா உனக்கு? மேல பார்த்திருந்தா கூட்டேரிப்பட்டுன்னு வாயைத் தொறந்திருப்பியா?"

"யாரு மேல பார்த்தா?"

"இன்னா?"

"நான் எங்கய்யா மேல பார்த்தேன்? உங்கையைத்தான் பார்த்துக்கினு இருந்தேன்."

எனக்குப் புரியவில்லை. அவன் மோரை என் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"லெப்ட்டு கையி. கட்டவெரல் மேல போச்சுன்னா ஒண்ணு ஆரம்பிக்கிறே. நடுவுல வந்து நின்னுச்சுன்னா அது முடிஞ்சுது, அடுத்த ஸ்டாப்பு சொல்லணும். அதை வெச்சுத்தான் சொல்லிக்கினு வர்றேன். கண்டமங்கலத்துல இருந்தே அப்படித்தான்."

"அப்போ இன்னிக்கு, போ போன்னு கத்துனியே?"

"ஸ்டாப்பு பாதியிலியே வெரல் இறங்குச்சு. கத்துனேன்."

"பிளேன் விழப்போவுதுன்னு கத்தலையா?"

"பிளேனு எங்க இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாதுய்யா." தன் மோரை ஒரு வாய் குடித்தான். அப்புறம் ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னிக்கு டோல்கேட்டாண்ட உங்கையி கியர்ல இருந்து நழுவுச்சு பாரு. அதைப் பார்த்துட்டுத்தான் டிக்கெட்டு போடறதை விட்டுட்டு ஓடியாந்தேன். அப்போல இருந்து என் கண்ணு அங்கியேதான் போவுது. நான் இன்னா பண்ணட்டும்?"

முகம் பார்க்காமலே வேலை செய்தோம் என்று மேலே எழுதினேன் அல்லவா. நான்தான் பார்க்காமல் இருந்திருக்கிறேன். என் கண் கலங்கிவிட்டது. மோரை எடுத்துக் குடித்து மறைத்தேன்.

"ஒரு தடவைகூடப் பறக்கறதைப் பார்த்ததில்லையா நீ?"

"தரையில நிக்கறப்போ பார்த்திருக்கேன். நல்லாத்தான் இருக்குது."

போட்டி முடிந்து, இஷ்டப்பட்டவர்கள் சும்மா பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து வேறு பேட்டரி போட்டேன். கோதண்டத்தைத் தோளைப் பிடித்து எனக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

"இந்தத் தடவை நீ ஒரு ஸ்டாப்பும் சொல்ல வேணாம். வாயை மூடிக்கினு மேல மட்டும் பாரு. உனக்காகப் போடறேன்."

"சரி சரி, எடு."

எடுத்தேன். நல்ல உயரத்துக்குக் கொண்டுபோய், வெயிலுக்கு இந்தப் பக்கம், அவனுக்குக் கண் கூசாத இடமாகப் பார்த்து ஒரு பெரிய வட்டம் போட்டேன்.

"பார்த்தியா?"

"பார்த்தேன் பார்த்தேன். சூப்பரு."

அண்ணாந்து பேசுகிறவனுடைய குரல் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். அந்தக் குரல் அப்படி வரவில்லை. கீழே குனிந்து, என் இடது கைக்குப் பக்கத்திலிருந்து வந்தது.